புதுச் சீலும் பழைய தண்டும்

வெள்ளவத்தை மரைன் டிரைவ் ஓரத்தில் மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டும் பெக்கோ ஒன்றைச் சற்று நின்று பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். அதன் கையை மடக்கி நீட்டுவது கண்ணாடிபோல் மின்னும் ஓர் உருக்குத் தண்டு. தண்டு போய் வரும் உருளைக்குள் எண்ணெய் 200 பார் அமுக்கத்தில் நிற்கிறது. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அமுக்கத்தைப்போல் அது ஏறத்தாழ 200 மடங்கு. தண்டோ நாள் முழுதும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது விரலால் வளைக்கக்கூடிய ஒரு வளையம் மட்டுமே. அப்படியிருந்தும் எண்ணெய் பீறிட்டுப் பாயாதது எப்படி?

இன்னொரு சந்தேகம் வாகனம் வைத்திருப்பவர்கள் காசு கொடுத்துப் பெற்றது. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கோ, டிப்பரின் ஜெக்கோ கசியத் தொடங்குகிறது. பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புதுச் சீல் வாங்கிப் போடுகிறார்கள். பழையது ஐந்து வருடம் உழைத்த அதே இடத்தில் புதியது ஐந்து மாதம் தாங்குவதில்லை. “இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான்” என்று கராஜில் ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டுவார். சாமானில் குறை இருக்கலாம்தான். ஆனாலும் பெரும்பாலான வேளைகளில் குற்றம் சீலில் இல்லை, அது தழுவி நிற்கும் தண்டில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

தோல் வாசரின் தந்திரம்

முதல் சந்தேகத்துக்கான விடை பழைய சைக்கிள் பம்புக்குள் கிடக்கிறது. அதன் கம்பியின் நுனியில் கிண்ணம்போல் வளைத்த தோல் வாசர் ஒன்று இருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது முன்னால் நெருங்கும் காற்று அந்தக் கிண்ணத்துக்குள் புகுந்து விளிம்பைச் சுவரோடு விரித்து அழுத்துகிறது. எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு இறுக்கமாகத் தோல் சுவரில் ஒட்டும். தப்பிக்கப் பார்க்கும் அமுக்கமே தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. 1795இல் இங்கிலாந்தில் ஜோசஃப் பிராமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றபோது அவரை அலைக்கழித்ததும் இதே கசிவுதான். சணல் கயிற்றைத் திணித்து இறுக்கினால் தண்டு நகராது, தளர்த்தினால் தண்ணீர் நிற்காது. தானாக இறுகும் தோல் வளையத்தை யோசித்துக் கொடுத்தவர் அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லே என்று சொல்வார்கள்.

பெக்கோவின் சீலும் அதே குடும்பம்தான். வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘யூ’ எழுத்துப்போல் இரண்டு உதடுகள் தெரியும். ஓர் உதடு தண்டில் படியும், மற்றது சீல் அமர்ந்திருக்கும் பள்ளத்தின் சுவரில் படியும். வாய் எப்போதும் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலானாலும், முதல் அழுத்தத்திலேயே எண்ணெய் வெளியே வந்துவிடும். வேலை நடக்கும்போது காய்ந்திருந்து, இரவில் நிறுத்தி வைத்த பிறகு சொட்டுகிற இயந்திரத்தின் மர்மமும் இங்கேதான் விடுபடுகிறது. அமுக்கம் இருக்கும்வரை அது உதட்டை அழுத்திப் பிடிக்கிறது. அமுக்கம் இறங்கியதும் உதட்டின் சொந்த மீள்தன்மை மட்டுமே மிச்சம். சூட்டில் வெந்து இறுகிய பழைய இறப்பருக்கு அந்த மீள்தன்மை போய்விட்டிருக்கும்.

வெளியே போய்த் திரும்பி வரும் படலம்

அப்படியானால் உதட்டை இன்னும் இறுக்கமாகச் செய்து ஒரு துளிகூட வெளியே போகாமல் தடுக்கலாமே என்று தோன்றும். அதைச் செய்யக்கூடாது. ஈரமே இல்லாத தண்டில் உரசும் இறப்பர் சூடேறும், விட்டு விட்டுப் பிடித்து அதிரும், சில நாட்களிலேயே தேய்ந்து போகும். தண்டுக்கும் உதட்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். மழையில் நனைந்த காலி வீதியில் வேகமாகப் போகும் வாகனத்தின் டயர் நீர்ப்படலத்தின்மேல் ஏறி மிதப்பதுபோல, தண்டு நகரும்போது எண்ணெய் உதட்டின் அடியில் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு நுழைகிறது. வீதியில் அது விபத்து, சீலுக்கோ அதுதான் உயிர்.

படலம் எவ்வளவு தடிப்பு? மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமீற்றர். நல்ல சீலின் கீழே இருப்பது அதிலும் ஏதோ ஒரு பின்னம். அரை மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு ஒரு மீற்றர் வெளியே நீள்கிறது. அதன்மேல் ஒட்டி வரும் எண்ணெய் ஒரு மில்லிலீற்றரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், ஏறக்குறைய ஒன்றரைச் சொட்டு. பொருட்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் நாளுக்கு 1000 தடவை நீண்டு மடங்கும் இயந்திரத்தில் அது 80 மில்லிலீற்றர் ஆகிவிடும். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 2 லீற்றர். உண்மையில் அந்த 2 லீற்றரும் மண்ணில் சிந்துவதில்லை. தண்டு மடங்கும்போது அநேகமாக முழுவதும் உள்ளே திரும்பிவிடுகிறது.

சீலின் நுட்பம் முழுவதும் இந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது. உதட்டின் இரு முகங்களும் ஒரே சரிவில் வெட்டப்படுவதில்லை. எண்ணெய்ப் பக்க முகம் செங்குத்தானது. அங்கிருந்து நுழையும் எண்ணெய் திடீரென உயரும் அழுத்தத்தைச் சந்திப்பதால், மெல்லிய படலமாக வழிக்கப்பட்டே வெளியே போக முடிகிறது. காற்றுப் பக்க முகம் தாழ்ந்து நீண்ட சரிவு. திரும்பி வரும்போது அழுத்தம் மெதுவாக ஏறுவதால், தடித்த படலம்கூட உதட்டின் கீழே நுழைந்து உள்ளே போய்விடும். வெளியே கொண்டுபோனதைவிட அதிகமாகத் திருப்பிக் கொண்டுவரும் தகுதி சீலுக்கு இருப்பதால் மிச்சம் எதுவும் நிற்பதில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹார்மன் பிளோக், படலத்தின் தடிப்பை இறுக்கத்தின் அளவு மட்டுமல்ல, அழுத்தம் ஏறும் செங்குத்தும் தீர்மானிக்கிறது என்று காட்டினார். கூர்மை மழுங்கிய உதடு இறுக்கமாகவே இருந்தும் ஏன் கசிகிறது என்பது அப்போது விளங்கியது. செங்குத்து முகம் தேய்ந்து உருண்டதும், வெளியே போகும் படலம் தடிக்கிறது, திரும்பி வரும் படலமோ பழைய அளவிலேயே இருக்கிறது.

நல்ல சீல் பொருத்திய தண்டைச் சுத்தமான விரலால் தொட்டால் இலேசான பளபளப்பு ஒட்டும், சொட்டு இராது. அந்தப் பளபளப்பைக் கண்டு கசிகிறது என்று சீலைக் கழற்றுவது வீண் செலவு.

ஒரு கீறலின் கணக்கு

இப்போது தண்டுக்கு வருவோம். உருக்குத் தண்டின்மேல் 20 முதல் 25 மைக்ரோமீற்றர் தடிப்பில் கடின குரோம் பூசியிருப்பார்கள். அதை மெருகேற்றிச் சொரசொரப்பை மைக்ரோமீற்றரின் பத்தில் இரண்டு மூன்று பங்குக்குக் குறைப்பார்கள். அதற்குமேல் கண்ணாடியாக வழவழப்பாக்குவதும் தவறு, ஏனென்றால் எண்ணெய் பிடித்து நிற்கச் சிறு பள்ளங்களாவது வேண்டும். இந்த மேற்பரப்பில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அகலம் தலைமயிர் அளவு, மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று. ஆழம் 20 மைக்ரோமீற்றர். கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரியும், நகத்தால் இழுத்தால் இலேசாகத் தட்டும். சீல் தண்டில் 5 மில்லிமீற்றர் நீளத்துக்குப் படிந்திருக்கிறது, இறப்பர் கீறலுக்குள் இறங்கி அடைக்கவில்லை என்றும் கொள்வோம்.

200 பாரில், வேலைச் சூட்டிலுள்ள எண்ணெய் இந்த ஒரு வாய்க்கால் வழியே மணிக்குச் சுமார் 20 மில்லிலீற்றர் வெளியேறும். நாளில் நான்கு மணி நேரம் உருளை முழு அமுக்கத்தில் இருந்தால் 80 மில்லிலீற்றர். சற்று முன் கணக்கிட்ட படலத்தில் ஒரு துளிகூடத் திரும்பாமல் 1000 தடவை சிந்தினால் எவ்வளவு போகுமோ, அவ்வளவையும் மயிரளவு கீறல் ஒன்றே கொட்டிவிடுகிறது. இந்தக் கீறலைப் புதுச் சீல் எப்படி அடைக்கும்? பழைய உதடு அந்தக் கோட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் தேய்ந்து ஒத்துப்போயிருக்கவும் கூடும். கூரான புது உதட்டையோ கீறலின் ஓரம் கத்திபோல் ஒவ்வொரு தடவையும் சீவிக்கொண்டே இருக்கும்.

கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கீறலின் அகலம் இரட்டித்தால் கசிவும் இரட்டிக்கும். ஆழம் இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும். ஆகவே 20 மைக்ரோமீற்றர் ஆழத்தை 10 ஆகக் குறைக்க முடிந்தால் கசிவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும், அந்த ஆழத்தில் இறப்பரே கீறலுக்குள் ஓரளவு இறங்கி அடைத்தும் விடும். சிறு தழும்பை மெல்லிய எண்ணெய்க் கல்லால் தேய்த்து, ஓரங்களின் கூர்மையை எடுத்துவிட்டுச் சீல் போடுவதில் அர்த்தம் இருப்பது இதனால்தான். தேய்க்கும் திசை முக்கியம். எமரித் தாளைத் தண்டின் நீளவாக்கில் மேலும் கீழும் இழுப்பவர் ஒரு கீறலை எடுக்கப்போய் நூறு வாய்க்கால் வெட்டுகிறார். சுற்றுவாக்கில் தேய்த்தால் அதே கோடுகள் எண்ணெயை வெளியே நடத்தாமல் பிடித்து வைக்கும்.

கடற்காற்று

கீறல் வெளியிலிருந்து வரும் காயம் என்றால், துரு உள்ளிருந்து கிளம்பும் நோய். கடின குரோம் தோற்றத்தில் முழுமையானது, நெருங்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளின் வலை. வெள்ளவத்தையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசுகிறது. இரயில் பாதையைத் தாண்டி வரும் உப்புத் தூவானம் நீட்டி நிறுத்திய தண்டில் படிந்து, காய்ந்து, இரவு ஈரத்தில் திரும்பக் கரைகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு நுண்வெடிப்பு வழியே இறங்கி அடியிலுள்ள உருக்கைத் தொடுகிறது. துரு உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பது. அது குரோமை அடியிலிருந்து உந்தி, குண்டூசித் தலையளவு கொப்புளம் கிளப்பி, பின்பு சிறு பள்ளமாக உதிர்க்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓரம் உதட்டுக்கு அரம்.

வேலை முடிந்ததும் எல்லாத் தண்டுகளையும் இயன்ற அளவு உள்ளே இழுத்து நிறுத்தினாலே, அவை எண்ணெயில் தோய்ந்து பாதுகாப்பாக இருக்கும். முடியாத தண்டை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவலாம். மாதக்கணக்கில் வேலை நின்றுபோன கட்டடத் தளங்களில், கை நீட்டியபடி உப்புக் காற்றில் விடப்பட்ட இயந்திரங்களுக்கு, திரும்ப ஓட்டத் தொடங்கியதும் சீல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதில் வியப்பில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் பகை வேறு. துறைமுகத்தில் கொள்கலன்களைத் தூக்கி அடுக்கும் இயந்திரங்கள் 40 தொன் அளவிலான சுமையை உருளைகளால் உயர்த்துகின்றன. உப்போடு அங்கே கனரக வாகனங்கள் கிளப்பும் தூசியும் சேர்கிறது. இப்படிப்பட்ட உருளையில் மூன்று காவல் இருக்கும். உள்ளே, திடீர் அதிர்வமுக்கத்தைத் தாங்கும் தணிப்பு வளையம். நடுவில் பிரதான சீல். வெளி வாசலில், உள்ளே வரும் தண்டிலிருந்து மண்ணைச் சுரண்டும் துடைப்பு வளையம். முதல் இரண்டும் எண்ணெயைத் தடுக்கின்றன, மூன்றாவது மண்ணைத் தடுக்கிறது. மூன்றிலும் மலிவானது அதுதான், மாற்றாமல் விடப்படுவதும் அதுவே. உள்ளே நுழைந்த ஒரு மணல் துகள் இறப்பரில் பதிந்துகொண்டால், பின்பு ஒவ்வொரு அசைவிலும் அது தண்டைக் கீறும். அதற்காகத் துடைப்பு வளையத்தை அளவுக்கு மீறி இறுக்கமாக்கினால், திரும்பிப் போகவேண்டிய எண்ணெய்ப் படலத்தையும் அது வாசலிலேயே சுரண்டி வெளியே தள்ளும். பிரதான சீலில் குறையே இல்லாமல் உருளை சொட்டுவதும் உண்டு.

எந்த இறப்பர்?

பிரேசில் இறப்பரின் நாற்றுகள் கியூ தோட்டத்திலிருந்து 1876இல் ஹேனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து இறப்பர் இந்தத் தீவின் பெருமை. அந்த இயற்கை இறப்பரை ஹைட்ரோலிக் எண்ணெயில் போட்டால் சில நாட்களில் ஊதிப் பெருத்துக் கொழகொழத்துவிடும். இரண்டுமே ஐதரோகாபன்கள், ஒன்றையொன்று விரும்பிக் கலப்பவை. ஆகவே கனிய எண்ணெய்க்கு நைட்ரைல் இறப்பர் வேண்டும். 1930களில் ஜெர்மனியில் உருவான இந்தச் செயற்கை இறப்பரின் மூலக்கூறில் எண்ணெயோடு ஒட்டாத பகுதிகள் கலந்திருப்பதால் அது ஊதுவதில்லை. வாகனத்தின் பிரேக் திரவமோ கனிய எண்ணெயே இல்லை, கிளைக்கோல் வகை. அங்கே வேறு இறப்பர்கள் பொருந்தும். அவசரத்துக்கு பிரேக் தாங்கியில் எஞ்சின் எண்ணெய் ஊற்றியவரின் சீல்கள் எல்லாம் ஒன்றாகப் பருத்து பிரேக்கைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

பெக்கோ உருளைகளில் இப்போது பொலியூரிதேன் சீல்கள் அதிகம். நைட்ரைலைவிட அவை உராய்வைப் பல மடங்கு தாங்கும், இடுக்கில் பிதுங்கா. அவற்றுள் சில வகைகளுக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. வருடக்கணக்கில் புழுக்கமான கடையில் தொங்கிய சீலை வாங்கும்போது மடக்கிப் பார்ப்பது நல்லது.

கழற்றிய சீல் சொல்லும் சாட்சி

இவ்வளவுக்கும் சான்று எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு கராஜின் குப்பை வாளியிலும் கிடக்கிறது. பழைய சீலை எறியுமுன் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உதட்டில் தண்டின் திசையிலே நேர்கோடுகள் ஓடினால் தண்டு கீறியிருக்கிறது, அல்லது மண் புகுந்திருக்கிறது. உதடு கண்ணாடிபோல் இறுகி, மடக்கினால் வெடித்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. முழு வளையமும் பருத்து மெதுவாகியிருந்தால் இறப்பரும் எண்ணெயும் பொருந்தவில்லை. பின்பக்க விளிம்பு எலி கடித்ததுபோல் இருந்தால், தண்டுக்கும் உருளைத் தலைக்கும் இடையிலான இடைவெளி அகன்று, அமுக்கம் சீலை அதற்குள் பிதுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டு நேராகப் போய் வரவில்லை. அதைத் தாங்கும் வழிகாட்டி வளையம் தேய்ந்திருக்கும், அல்லது தண்டே வளைந்திருக்கும். இவற்றில் எண்ணெயும் இறப்பரும் பொருந்தாத ஒன்றைத் தவிர, மற்ற எதுவும் வெறுமனே வேறு சீல் வாங்குவதால் தீராது.

“ஒரிஜினல் சாமான் போட்டால் போதாதா?”

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. போலிச் சீல்கள் சந்தையில் இருக்கின்றன. அளவு பிசகியவை, மட்டமான இறப்பரில் வார்த்தவை, அச்சின் பிசிறு உதட்டிலேயே நிற்பவை. நல்ல தண்டில் அவை சீக்கிரம் போகும் என்பது சரி. இதிலிருந்து நல்ல சீல் கெட்ட தண்டில் நீடிக்கும் என்று முடிவுகட்டுவதில்தான் பிழை. ஒரே உருளைக்கு ஒரே வருடத்தில் மூன்றாம் முறை சீல் மாற்றுகிறார்கள் என்றால், மூன்று வெவ்வேறு கடைச் சரக்கும் ஒரே மாதிரி மோசமாக இருந்தன என்பதைவிட, மாறாமல் இருந்த ஒன்றே காரணம் என்று எண்ணுவதுதான் நியாயம். மாறாமல் இருந்தது தண்டு.

இன்னொரு எதிர்வாதம் செலவு பற்றியது. தண்டைக் கழற்றி, பழைய குரோமை நீக்கி, திரும்பப் பூசி, அரைத்து மெருகேற்றச் சீலின் விலையைப்போல் பல மடங்கு ஆகும், இயந்திரமும் அதுவரை சும்மா நிற்கும். முதலாளி தயங்குவது இயல்பு. ஆனால் கணக்கில் ஒவ்வொரு முறையும் உருளையைத் திறக்கும் கூலி, ஊற்றிய எண்ணெய், வேலை நின்ற நாட்கள் எல்லாம் சேரவேண்டும். சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது சீலுக்குள்ளேயே பல வேளைகளில் நிலைமை மாறிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்த நாட்டில், ‘பழசைத் தள்ளிப் புதுசு எடுப்பம்’ என்ற மூன்றாவது வழியும் பலருக்கு இருக்கவில்லை. இருக்கும் தண்டையே காப்பாற்ற வேண்டியிருந்தது.

குரோமுக்குப் பிறகு

குரோம் பூசும் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதியில்லாமல் அந்த மூலப்பொருளைப் பயன்படுத்த முடியாது. மாற்றாக, தங்குதன் காபைட்டுத் தூளை அதிவேகச் சுவாலையில் தெளித்துப் பூசுகிறார்கள், துருப்பிடிக்காத உலோகத்தை லேசர் கதிரால் உருக்கி ஒட்டுகிறார்கள். இரண்டும் கடற்காற்றைக் குரோமைவிட நன்றாகத் தாங்கக்கூடியவை. ஆனால் காபைட்டுப் பூச்சின் நுண்முனைகள் குரோமின் முனைகளைவிடக் கடினமானவை, வேலை செய்யச் செய்யத் தேய்ந்து மழுங்காதவை. குரோமுக்குப் போதுமான மெருகோடு அதை விட்டால் சீலின் உதட்டை அரைத்தெடுத்துவிடும். இன்னும் நுணுக்கமாக மெருகேற்றினால் எண்ணெய் பிடிக்கும் பள்ளங்கள் குறைந்துபோகும். அதனால் புதுப் பூச்சுள்ள தண்டுகளுக்குப் பழைய அச்சில் வார்த்த சீலை அப்படியே போட முடிவதில்லை. உதட்டின் சரிவும் இறப்பரின் கடினமும் அந்த மேற்பரப்புக்கென்று திரும்ப வகுக்கப்படுகின்றன.